டாக்டர் வீட்டம்மாவைப் பிடித்து வைத்தோம்

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தால் நாங்கள் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவரோடு வந்து இறங்கும் சாமான்களைத்தான் பார்ப்போம். ஒரு தோள்பை மட்டும் என்றால் அவர் அடுத்த பொங்கலை இங்கே கொண்டாட மாட்டார். பெரிய சூட்கேஸ் என்றால் அடுத்த மாறுதல் கலந்தாய்வு வரைக்கும் தாங்குவார். குக்கரும் மிக்ஸியும் வந்து இறங்கினால் கொஞ்சம் நம்பலாம். இந்த ஜோசியத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணாச்சி. அவர் சொன்னது ஒருதடவைகூடப் பொய்த்ததில்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஊர். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் நான் பொறுப்பு நர்ஸ். வாசலில் ‘அவசர சிகிச்சைப் பிரிவு’ என்று போர்டு இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அது கேஷுவாலிட்டிதான். நாலுவழிச் சாலையில் அடிபட்டவர்கள் வருவார்கள். களையெடுக்கும் காலத்தில் பாம்புக்கடி வரும். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையிலிருந்து தீக்காயம் வரும். வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்தவர்களும் வருவார்கள். இருக்க வேண்டிய டாக்டர்களில் பாதிப்பேர் காகிதத்தில் மட்டும் இருந்தார்கள். நர்ஸ்களும் அப்படித்தான். ஆனால் பாம்புக்கோ பைக்குக்கோ எங்கள் காலியிடங்களைப் பற்றி எந்த அக்கறையும் கிடையாது.

நான் சொல்லவந்த டாக்டர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒரு தோள்பையோடு வந்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இவிய தாங்க மாட்டாவ, சிஸ்டர்.”

“வந்த மனுசன் இன்னும் உக்காரவே இல்ல, அண்ணாச்சி.”

“உக்காரவே மாட்டாவங்கேன்.”

உண்மையில் அவர் உட்காரத்தான் இல்லை. அன்றைக்கே ஒரு அம்மா காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று, மடக்க முடியாத ஒரு குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் உள்ளேயிருந்து கத்தினாள்: “அந்தச் சவத்தை அங்கனயே போட்டுட்டு வெரசா வாங்களேன்!”

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார். “எங்கீங்க? பாடி எங்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே ஆம்புலன்ஸ் நிற்கும் இடம்வரை போய்ப் பார்த்தார். குடைக்காரர் பயந்துபோய்க் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

நான்தான் டாக்டரை உள்ளே கூட்டிவந்து விளக்கினேன். “டாக்டர், இங்கன சவம்னா செத்தவங்க இல்ல. குடை மக்கர் பண்ணுனா சவம். பஸ் வரலைன்னா சவம். புருசன் சொன்ன பேச்சு கேக்கலைன்னா அவரும் சவந்தான்.”

“அப்ப நெசமாலுமே எறந்துட்டா என்னன்னுங்க சொல்லுவீங்க?”

“அப்ப மரியாதையா, தவறிட்டாவன்னு சொல்லுவோம்.”

அவர் அதை வாய்க்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்தப் பிள்ளையைப் பொறுமையாகப் பரிசோதித்தார். கை நிதானமான கை. நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. இந்த ஆளை விடக்கூடாது என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

இத்தனை வருஷத்தில் போன டாக்டர்களையெல்லாம் வழியனுப்பி வைத்தவள் நான். அதிலிருந்து எனக்கு ஒரு கொள்கை உண்டாகியிருந்தது. டாக்டர்கள் வேலையைப் பார்த்து ஓடுவதில்லை. அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளாமல்தான் ஓடுகிறார்கள். ஆகவே டாக்டரைப் பிடித்து வைக்க வேண்டுமானால் டாக்டர் வீட்டம்மாவைப் பிடித்து வைக்க வேண்டும். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார்.

“நர்ஸ் வேலைக்குத்தான் சம்பளம் தாராவ. ஆள் பிடிக்குத வேலைக்கும் தாராவளா?”

“நீங்க சும்மா இருங்க.”

டாக்டரின் மனைவியும் சின்ன மகளும் ஒரு மாதம் கழித்து வந்தார்கள். மிக்ஸி வந்தது, குக்கர் வந்தது. அண்ணாச்சி தன் ஜோசியத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார். நான் ஒரு சாயங்காலம் கடம்பூர்ப் போளி வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருந்தாள். “வாங்கக்கா, உக்காருங்க, தண்ணி குடிங்க, காப்பி வெக்கிறேனுங்க” என்று வரவேற்றாள். அவர்கள் ஊர் மரியாதைக்கு ஒரு குணம் உண்டு. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டு அணைபோலக் கட்டிவிடுவார்கள். அணைக்கு அந்தப்பக்கம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று நமக்குத் தெரியாது.

“ஊரு பிடிச்சிருக்காம்மா?”

“நல்லா இருக்குதுங்கக்கா.”

“தண்ணி?”

“நல்லா இருக்குதுங்க.”

எங்கள் ஊர்த் தண்ணீர் நல்லா இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. துவைத்த வெள்ளைச் சட்டை கரிசல் நிறத்துக்கு வந்துவிடும். நான் மறுநாளே நல்ல தண்ணீர்க் கேன் கொண்டுவரும் ஆளைப் பேசி அவள் வீட்டுக்கு ஏற்பாடு செய்தேன். கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கு மேளச் சத்தத்தில் தலைவலி வந்துவிட்டது. தெருப் பெண்களை அறிமுகம் செய்துவைத்தேன். அவர்கள் பேசுகிற வேகத்தில் பாதிகூட அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டி, யாரோ ஒருவர் வீட்டுச் சீட்டில் சேரச் சம்மதித்துவிட்டு வந்திருந்தாள். அதிலிருந்து அவளை மீட்பது தனி வேலையாகிவிட்டது. போளியை மறுபடியும் கொண்டுபோனபோதுதான் அவள் இனிப்பே சாப்பிடுவதில்லை என்று தெரிந்தது. முதல் போளியையும் டாக்டர்தான் தின்றிருக்கிறார்.

ஊரோடு ஒட்டியது அந்தக் குழந்தை மட்டுந்தான். பால்வாடிக்குப் போய் எண்ணி ஒரு வாரத்தில் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் குழந்தையின் அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: “அக்கா, பாப்பா அவங்கப்பாவை ‘ஏலே, இங்கன வாலே’ன்னு கூப்பிடுதுங்க. அது கெட்ட வார்த்தைங்களா?”

“கெட்ட வார்த்தை இல்லம்மா. ஆனா டாக்டரைக் கூப்பிடுத வார்த்தையும் இல்ல.”

“அவரு போறாருங்கக்கா அதுக்கு. கூப்பிட்டதும் போறாரு.” சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்த வீட்டில் நான் பார்த்த முதல் நிஜச் சிரிப்பு அதுதான். ஆனால் மறுவாரமே டாக்டர் மாறுதலுக்கு எழுதிப்போட்டுவிட்டார் என்ற செய்தியை அண்ணாச்சி கொண்டுவந்தார். அவருக்கு எந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம். மிளகாய்ப் பழம் பறிக்கப் போன பெண்களை ஏற்றிவந்த லோடு ஆட்டோ ஓடைப்பாலத்துத் திருப்பத்தில் கவிழ்ந்துவிட்டது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பாதி. கிடைத்த வண்டியில் ஊர்க்காரர்கள் ஏற்றிவந்தவர்கள் மீதி. கேஷுவாலிட்டியில் டாக்டரும் நானும்தான் இருந்தோம். இன்னொரு நர்ஸைப் பிரசவ வார்டுக்கு அனுப்பியிருந்தோம். ஒருத்திக்குத் தலையில் ரத்தம், ஒருத்திக்குக் கை தொங்குகிறது, ஒருத்தி “எம் பிள்ளைக்கு யாரு சோறு போடுவா” என்று அலறுகிறாள். வாசல் முழுக்கச் சொந்தக்காரர்கள். அண்ணாச்சி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவர் சட்டென்று நகர முடியாது.

அந்த நேரத்தில் டாக்டர் வீட்டம்மா டிபன் கேரியரோடு வந்து நின்றாள். அவர் காலையில் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்ததால், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு எடுத்துவந்திருந்தாள். அவள் வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள். கேரியரை மேஜை மேல் வைத்தாள். புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நேராகக் கை கழுவுகிற இடத்துக்குப் போய், முழங்கை வரைக்கும் முறையாகக் கழுவினாள். அப்படிக் கழுவுகிறவள் சமையற்கட்டில் கற்றுக்கொண்டவள் இல்லை என்பது எனக்கு அந்த அவசரத்திலும் தெரிந்தது.

“கிளவுஸ் எங்கங்கக்கா?”

“அம்மா, நீ...”

டாக்டர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “சிஸ்டர், அவளும் சிஸ்டர்தானுங்க. குடுங்க.”

கொடுத்தேன். நான் தலைக்காயப் பெண்ணுக்குக் கட்டுப் போடுகிற நேரத்துக்குள் அவள் எல்லோரையும் ஒருதடவை சுற்றி வந்துவிட்டாள். நாடி பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், பெயரைக் கேட்டாள். பிறகு என் தோளைத் தொட்டாள்.

“சத்தம் போடறவங்க கொஞ்சம் இருக்கட்டுங்கக்கா. மூலையில ஒருத்தங்க பேசாம படுத்திருக்காங்க பாருங்க. அவங்கதான் மொதல்ல.”

மூலையில் ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதனால் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. தொட்டால் சில்லென்று வேர்த்திருந்தது. வயிறு கல்லாக இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் வந்து கையை வைத்ததுமே உள்ளுக்குள் ரத்தம் போகிறது என்று சொல்லிவிட்டார். இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினோம், ஆக்சிஜன் வைத்தோம். முதல் ஆம்புலன்ஸில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவள் போய்ச் சேரும்வரை டாக்டர் இங்கிருந்தபடியே அங்கே இருப்பவர்களோடு போனில் பேசிக்கொண்டே இருந்தார். அங்கே மண்ணீரல் கிழிந்திருப்பதாகக் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் மிளகாய்ப் பழமும் பறித்தாள்.

கூட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு மூன்று பேரும் உட்கார்ந்தோம். டிபன் கேரியரில் இருந்த சோற்றை அண்ணாச்சியும் சேர்ந்து நாலு பேராகப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். முதல் வாய் உள்ளே போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன் டாக்டர், ஆள் இல்ல ஆள் இல்லன்னு நான் இங்கன ரெட்டை ஷிப்ட் பாத்துட்டுக் கெடக்கேன். நீங்க வீட்டுல ஒரு நர்ஸை ஒளிச்சு வச்சிருக்கியளே!”

“ஒளிக்கலைங்க சிஸ்டர். பி.எஸ்சி. நர்சிங். எங்கூர்ல பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல எமர்ஜென்சிலதான் இருந்தாங்க. அங்கதான் எங்களுக்குப் பழக்கமே.”

“அதை வாயைத் தொறந்து சொல்லப்படாதா?”

பதிலை அவள் சொன்னாள்.

“யாருமே கேக்கலீங்களேக்கா. நீங்களும் போளி புடிக்குதா, தண்ணி புடிக்குதான்னுதான கேட்டீங்க. என்ன படிச்சே, என்ன வேலை பாத்தேன்னு இந்த ஊருல ஒருத்தரும் கேக்கலீங்க.”

அண்ணாச்சி விக்கினார். நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

அதன் பிறகு காரியம் வேகமாக நடந்தது. எங்களிடம் ஒப்பந்த நர்ஸ் இடங்கள் காலியாகக் கிடந்தன. எத்தனையோ தடவை ஆள் கேட்டும், இந்த ஊர் பெயரைப் பார்த்துவிட்டு யாரும் வரவில்லை. அவளுடைய நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பித்துக்கொண்டாள். நேர்காணலுக்குப் போனாள். அந்த இடத்துக்கு வந்திருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் போட்டி கடுமையாக இல்லை.

பெரிய சிக்கல் குழந்தைதான். பால்வாடி மத்தியானத்தோடு முடிந்துவிடும். அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியில் இருந்தால் அதை யார் பார்த்துக்கொள்வது? நான் ராத்திரி சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் பேச்சை எடுத்தேன்.

“நான் கண்டக்டர். ஆயா இல்ல,” என்றார்.

“சும்மாதான இருக்கீங்க.”

“நான் சும்மா இருக்கேன்னு யாரு சொன்னா? பேப்பர் படிக்கேன்லா?”

மறுநாள் மத்தியானம் குழந்தையைக் கொண்டுவந்து விட்டோம். அது அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏலே, உன் பேரு என்னல?” என்று கேட்டது. இருபது முப்பது வருஷம் பஸ்ஸில் எத்தனையோ பேரை அதட்டிய மனிதர், எழுந்து நின்று மரியாதையாகத் தன் பெயரைச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் எங்கள் வீட்டு நாற்காலிகள் எல்லாம் வரிசையாக நின்று பஸ் ஆகிவிட்டன. அது டிரைவர், இவர் கண்டக்டர். நான் டூட்டி முடிந்து களைத்து வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால், “டிக்கெட் எடுத்தியளா?” என்று கேட்பார். கட்டாயத்தின் பேரில்தான் இதையெல்லாம் செய்வதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பால்வாடிக்கு விடுமுறை விட்டு, குழந்தை அம்மாவோடு வீட்டிலேயே இருந்த நாட்களில் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிலைமை வேறு மாதிரி ஆகிவிட்டது. அதுவரைக்கும் அவர் எங்களுக்கு டாக்டர். அதன் பிறகு அவர் ஒரு நர்ஸின் வீட்டுக்காரர். வேலை நேரத்தில் அவர்கள் ஒருவரையொருவர் ‘டாக்டர்’, ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். காலையில் வீட்டில் ஏதாவது தகராறு நடந்திருந்தால் அந்த ‘டாக்டர்’ கொஞ்சம் நீளமாகிவிடும்.

“டாக்ட்டர், நீங்க எழுதுன டோஸ் எனக்குப் படிக்க வரலீங். ஒருக்கா வாயில சொல்லிருங்க.”

“சிஸ்டர், அது தெளிவாத்தான எழுதியிருக்குது?”

“மளிகைச் சீட்டும் இப்பிடித்தானுங்க தெளிவா எழுதறீங்க.”

கட்டிலில் படுத்திருக்கிறவர்கள் வலியை மறந்து கேட்பார்கள். அண்ணாச்சி இதைச் சுருக்கமாகச் சொன்னார்: “டாக்டரு ஊசி போடச் சொன்னா இவிய போடுதாவ. இவிய சாப்பிடச் சொன்னா டாக்டரு சாப்பிடுதாவ. கேஷுவாலிட்டி இப்பதான் ஒழுங்கா ஓடுது.”

அது நிஜந்தான். அவள் வந்த பிறகு உள்ளே வருகிறவர்களை வாசலிலேயே பார்த்துப் பிரிக்கும் பழக்கம் வந்தது. உடனே பார்க்க வேண்டியவர் உள்ளே, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் பெஞ்சில், வெளிநோயாளிப் பிரிவுக்குப் போக வேண்டியவர் அங்கே. எங்கள் ஊரில் முதலில் வந்தவர்தான் முதல். கட்சிக்காரர் வந்தால் அவர்தான் எல்லோருக்கும் முதல். இந்தச் சட்டத்தை அவள் ‘ங்க’ போட்டே உடைத்தாள். “அண்ணா, உங்களுக்கு நெம்ப வலிக்குதுன்னு தெரியுதுங்க. கத்தறதுக்குத் தெம்பு இருக்குதில்லீங்களா, அதான் கொஞ்சம் உக்காருங்க.” என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒருநாள் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் விரியன் கடித்த காலோடு தானாகவே நடந்து வந்தார். மருந்து ஏற்ற வேண்டும், ஒருநாளாவது படுக்க வேண்டும் என்றதும் எழுந்துவிட்டார்.

“ஆடு வெளிய நிக்கு. நான் படுத்தா அதுகளை யாரு பாப்பா? ஊசியப் போடுங்க, போயிருதேன்.”

நானும் டாக்டரும் மாறி மாறிப் பயமுறுத்திப் பார்த்தோம். அவர் கேட்பதாக இல்லை. அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். “அண்ணா, ஆட்டையும் உள்ள விட்டுட்டா படுப்பீங்களா?”

“எந்த உள்ள?”

“காம்பவுண்டுக்குள்ளங்க. வேப்பமரம் இருக்குது, தண்ணித் தொட்டி இருக்குது. உங்க கட்டிலை ஜன்னலோரம் போட்டுர்றேன். பாத்துக்கிட்டே படுத்துக்கலாம்.”

அப்படியே செய்தோம். அவர் கையில் மருந்து ஏற, ஏற, ஜன்னல் வழியாக, வீட்டில் பேசுகிற தெலுங்கில் ஆடுகளை அதட்டிக்கொண்டு கிடந்தார். சாயங்காலம் அவர் மகன் வந்து மந்தையை ஓட்டிப்போவதற்குள், ஆஸ்பத்திரி முகப்பில் அழகுக்காக வைத்திருந்த செடிகளில் ஒரு இலை மிச்சமில்லை. மேலிடத்திலிருந்து யாராவது வந்து கேட்டால் வெயிலில் காய்ந்துவிட்டது என்று சொல்லலாம் என்று டாக்டரே யோசனை சொன்னார். எங்கள் ஊரில் அதை யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் அவருடைய மாறுதல் ஆணை வந்தது. கோயமுத்தூருக்குப் பக்கத்திலேயே, அவர் கேட்ட இடம். எழுதிப்போட்டதை அவரே மறந்திருந்தார். அன்றைக்கு அண்ணாச்சி ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறேன் என்று வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

மறுநாள் காலையில் டாக்டர் என்னிடம் வந்தார். முகம் சரியில்லை.

“சிஸ்டர், நீங்க அவங்ககிட்டப் பேசுங்க.”

“எதுக்கு டாக்டர்?”

“மாறுதல் வந்திருச்சுன்னு சந்தோசமாச் சொன்னேனுங்க. போயிட்டு வாங்கன்னுட்டா.”

“சரிதான?”

“இல்லீங். போயிட்டு வாங்கன்னா... என்னை மட்டும் போயிட்டு சனி ஞாயிறு வரச் சொல்றா. அவளுக்கு இங்க டூட்டி இருக்குதாமா. பாப்பா வேற, நான் கண்டக்டர் தாத்தாவை விட்டுட்டு வரமாட்டேன்லேங்குது.”

எனக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது. “அது உங்க குடும்ப விசயம் டாக்டர். நான் தலையிடப்படாது,” என்றேன். ஒரு வருஷமாக அந்தக் குடும்பத்தில் தலையிடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவள் இதைச் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் இரண்டு ஊரில் கிடப்பதா? அவள் குழந்தையைக் கூட்டிப்போக வந்தபோது நிறுத்தி வைத்துப் பேசினேன்.

“ஏம்மா, எங்களை மனசுல வச்சுக்கிட்டு நிக்காத. நீ வாரதுக்கு முன்னாலயும் இந்த ஆஸ்பத்திரி ஓடுச்சு. நீ போனாலும் எப்பிடியாவது ஓடும். நீ சந்தோசமாப் போயிட்டு வா.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே குழந்தை ‘ரைட், ரைட்’ என்று கத்திக்கொண்டிருந்தது.

“உங்களுக்காக இல்லீங்கக்கா. எனக்காகத்தான். அங்க போனா மாமனார் மாமியாரோட பெரிய வீடு. நல்லவங்கதான், குறை சொல்ல மாட்டேனுங்க. கல்யாணம் ஆனதும், டாக்டர் பொண்டாட்டி எதுக்குக் கண்ணு வேலைக்குப் போகோணும்னாங்க. நானும் சரின்னுட்டேன். அப்புறம் பாப்பா. அஞ்சு வருசம் போச்சுங்க. லோடு ஆட்டோ கவுந்த அன்னைக்கு கை கழுவுனேன் பாருங்க, அப்பத்தான் என் கையே எனக்கு ஞாபகம் வந்துச்சு. மறுபடியும் மறக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்லீங்க.”

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “இதை டாக்டர்ட்டச் சொன்னியா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க.”

“அவரு கேக்கலையோ?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். “இன்னைக்குச் சொல்லிர்றேனுங்கக்கா,” என்றாள்.

என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கும் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம். மூன்றாம் நாள் டாக்டர் மாறுதல் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். காரணம் கேட்டவர்களிடமெல்லாம், இந்த ஊர்க் காற்று தனக்கு ஒத்துக்கொண்டதாகச் சொன்னார். எங்கள் ஊர்க் காற்று காற்றாலைகளுக்குத்தான் ஒத்துக்கொள்ளும். மனிதர்களுக்குக் கண்ணில் மண்ணைத்தான் போடும். ஆனாலும் ஊரில் எல்லோரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். ஒரு டாக்டர் எங்கள் காற்றைப் புகழ்ந்தது அதுதான் முதல்தடவை.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. எங்கள் ஊருக்கும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் புதிதாகக் குடிவருகிற குடும்பம் எதுவானாலும் போய்விடுவேன். பாங்கு மேனேஜர் வீடு, வாத்தியார் வீடு, புதுசாகக் கல்யாணமாகி வந்த மருமகள், யாரையும் விடுவதில்லை. போளி கிடையாது, தண்ணீர் விசாரணை கிடையாது. உட்கார்ந்த உடனேயே கேட்பேன்: “நீ என்னம்மா படிச்சே? என்ன வேலை பாத்தே?” சிலர் பயந்துபோனார்கள். ஒரு மாமியார் என்னைக் கல்யாணத் தரகர் என்று நினைத்து, மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று பதறினாள். என் வீட்டுக்காரர் எனக்குச் சி.பி.ஐ. என்று பெயர் வைத்தார்.

ஆனால் பலன் இருந்தது. காற்றாலைக் கம்பெனி என்ஜினியர் ஒருவரின் மனைவி கயத்தாறில் சும்மா வீட்டில் இருந்தாள். அவளும் நர்ஸ்தான். இப்போது எங்களிடம் இருக்கிறாள். ஓட்டப்பிடாரத்துப் பக்கம் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரின் புருஷன் லேப் டெக்னீஷியன். நல்ல வேலை கிடைக்கும்வரை என்று கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். அவரும் வந்தார். கோழிகளை இன்னும் விடவில்லை. ஆகவே முட்டைக்கும் எங்களுக்குக் குறைவில்லை. எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்னொரு டாக்டர் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறார். ஆனால் ஒரே ஆள் இரண்டு ஷிப்டை ஒட்டவைத்துப் பார்க்கிற வழக்கம் போய்விட்டது.

போன சித்திரையில் நான் ஒரு வாரம் லீவு போட்டேன். மதுரையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனேன். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் அது அடிக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். மகளை விட்டு ஒருதடவை அடிக்கச் சொன்னேன், அடித்தது. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் நானே கேஷுவாலிட்டிக்குப் போன் போட்டேன்.

அவள்தான் எடுத்தாள். “நல்லா இருக்கீங்களாக்கா? மகளு நல்லா இருக்குதுங்களா?”

“எல்லாரும் நல்லா இருக்கோம்மா. அங்கன ஒண்ணும் பிரச்சினை இல்லையே? ஏதாவது கேக்கணும்னா கேளு, எந்த நேரமும் கேளு.”

“ஒண்ணுமில்லீங்கக்கா. எல்லாம் சரியாத்தான் போகுது. நீங்க நிம்மதியா இருங்க. வெச்சர்றேனுங், ஆம்புலன்ஸ் வந்திருச்சு.”

வைத்துவிட்டாள். மகள் என் முகத்தைப் பார்த்து, “என்னம்மா, எதுவும் கெட்ட செய்தியா?” என்று கேட்டாள்.

“எல்லாம் சரியாப் போகுதாம்,” என்றேன். சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.